28 பேருக்கு 9 இடம்: ஒரு புதிய சாஃப்ட்பால் அணிக்கு ஆள் எடுத்த விதம்

டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகர். ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை, காலை ஏழரை மணி. பத்து மணிக்கு மேல் டெக்சாஸ் வெயிலில் பிள்ளைகளை நிறுத்தி வைக்க முடியாது என்பதால்தான் அவ்வளவு சீக்கிரம். முதுகில் எண் எழுதிய தாளைக் குத்திக்கொண்டு 31 பெண் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். 12 வயதுக்குட்பட்டோர் பிரிவில் புதிதாகத் தொடங்கும் ஒரு டிராவல் சாஃப்ட்பால் அணிக்கான தேர்வு அது. அங்கே எல்லோரும் ட்ரைஅவுட் என்பார்கள். அணிக்கு 12 பேர் வேண்டும்.

நான் அந்த அணிக்கு ஸ்கோர் புத்தகம் எழுதுகிறவள். அன்றைக்கு மதிப்பெண் தாள்களை வாங்கிக் கூட்டிப் போடும் வேலை எனக்கு. 31 பேரில் என் மகளும் ஒருத்தி. அந்த இரண்டு வாரத்தில் எப்படி முடிவெடுத்தோம், அடுத்த ஒரு வருஷத்தில் அந்த முடிவுகள் என்ன ஆயின என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். சில விஷயங்கள் நன்றாக அமைந்தன. இரண்டு பிள்ளைகள் விஷயத்தில் தவறு செய்தோம்.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர் லீகில் பணம் கட்டிப் பெயர் கொடுத்தால் போதும், எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. டிராவல் அணி அப்படியில்லை. தேர்வு வைத்து எடுப்பார்கள். வாரக் கடைசியில் வேறு வேறு ஊர்களுக்குப் போய் டோர்னமென்ட் ஆடுவார்கள். பெரும்பாலும் சனிக்கிழமை குழு ஆட்டங்கள், ஞாயிற்றுக்கிழமை தோற்றால் வீடு. பேஸ்பால் மாதிரியான ஆட்டம் இது, 1887இல் சிகாகோவில் கூரைக்கு அடியில் ஆடத் தொடங்கியது. இன்று அமெரிக்காவில் பெண் பிள்ளைகளின் பெரிய ஆட்டங்களில் ஒன்று. 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டம் கல்லூரிகளில் பெண்களின் விளையாட்டுக்கு வழி திறந்தது. 1982 முதல், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் சாம்பியன் போட்டி நடக்கிறது. அதன் இறுதிச் சுற்று நடக்கும் ஓக்லஹோமா சிட்டி எங்கள் ஊரிலிருந்து காரில் மூன்று மணி நேரம். அந்த மைதானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்த பிள்ளையை வீட்டில் பிடித்து வைப்பது கஷ்டம். 2028 ஒலிம்பிக்கின் சாஃப்ட்பாலும் லாஸ் ஏஞ்சலஸில் இல்லை, அதே ஓக்லஹோமா சிட்டியில்தான்.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் பெரியவர்கள் தேறியாக வேண்டும். 2018இல் அமெரிக்காவில், விளையாடும் பிள்ளைகளைத் துன்புறுத்தலிலிருந்து காக்கும் சேஃப் ஸ்போர்ட் சட்டம் வந்த பிறகு இதில் யாரும் சாக்குச் சொல்ல முடியாது. நாங்கள் நான்கு பேரும் பின்னணி விசாரணைக்குக் கையெழுத்துப் போட்டு, பயிற்சி வகுப்பையும் முடித்தோம். எந்தப் பிள்ளைக்கு எந்தச் செய்தி அனுப்பினாலும் அதில் ஒரு பெற்றோர் சேர்ந்திருக்க வேண்டும் என்று முதல் நாளே எழுதி வைத்துக்கொண்டோம். தலைமைக் கோச் கல்லூரி அணியில் கேட்சராக, அதாவது அடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவராக, ஆடியவர். அவருடைய பிள்ளைகள் யாரும் அணியில் இல்லை. துணைக்கு இரண்டு அப்பாக்கள், அப்புறம் நான். எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு மகள். இந்த மூன்று என்ற எண் பின்னால் வருகிறது.

ஏன் 12? களத்தில் ஒன்பது பேர். ஒன்பதோ பத்தோ வைத்துக்கொண்டால் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னொருத்திக்குக் கணுக்கால் பிசகியது என்று ஆளில்லாமல் போகும். பதினான்கு வைத்தால் ஐந்து பேர் டக்அவுட்டிலேயே உட்கார வேண்டும். மாதாமாதம் பணம் கட்டி, நூறு மைல் ஓட்டிவந்து, பிள்ளை பெஞ்சில் உட்காருவதைப் பார்க்கும் பெற்றோரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

தேர்வு நாள் வழக்கமான முறையில்தான் நடந்தது. அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து, அடித்துவிட்டு ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸ் வரையுள்ள 60 அடியை ஓடச் சொல்லி ஸ்டாப்வாட்சில் நேரம் பார்த்தோம். தரையோடு வரும் பந்துகள், உயரே போகும் பந்துகள், மெஷினிலிருந்து வரும் பந்தை அடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என மதிப்பெண். கடைசியில் இரண்டு பக்கமாகப் பிரித்து ஒரு மணி நேர ஆட்டம். அன்று மத்தியானம் நான்கு பேருடைய தாள்களையும் கூட்டி, மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தித் தலைமைக் கோச்சுக்கு அனுப்பினேன். எனக்கு அந்தப் பட்டியல் ரொம்பத் திருப்தி. முதல் 12 பேரை எடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் திருப்பி ஒரே கேள்வி கேட்டார்: "இதில் எத்தனை பேர் ஷார்ட் ஸ்டாப்?"

எண்ணிப் பார்த்தேன். ஏழு பேர். ஊர் லீகில் ஒவ்வொரு அணியிலும் நன்றாக ஆடும் பிள்ளையை இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் ஷார்ட் ஸ்டாப்பாகத்தான் நிறுத்துவார்கள். பந்து அதிகம் வருவது அங்கேதான். ஆக, ஏழு அணியின் சிறந்த பிள்ளைகள் வந்தால் ஏழு ஷார்ட் ஸ்டாப் வருவார்கள். அதில் பெரிய குறையில்லை. கால் வேகமுள்ள ஷார்ட் ஸ்டாப்பை, பேஸ்களுக்கு அப்பால் இருக்கும் அவுட்ஃபீல்டின் நடுவில் நிறுத்தலாம், கை வலுவுள்ளவளை மூன்றாவது பேஸில் நிறுத்தலாம். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அந்த 12 பேரில் பந்து வீசும் பிட்சர் ஒரே ஒருத்தி. கேட்சரும் ஒருத்திதான்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவள் நான். பந்து வீச ஆள் குறைந்தால் யாரையாவது இரண்டு ஓவர் போடச் சொல்லிச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. சாஃப்ட்பாலில் அது நடக்காது. கையைத் தலைக்கு மேலாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடுப்போரம் கீழிருந்து விடும் வீச்சு, வாரத்துக்கு மூன்று நாள் பழகினாலும் படிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். இந்த வயதில் ஆட்டத்தைத் தீர்மானிப்பதும் அதுதான். பந்து அடிக்கத் தோதாக வர வேண்டிய இடம்தான் ஸ்ட்ரைக் பகுதி. நான்கு பந்து அதற்கு வெளியே போனால் எதிரணிப் பிள்ளைக்கு முதல் பேஸ் இலவசம். பிட்சரின் கையை விட்டுப் பந்து புறப்பட்ட கணத்திலேயே அவள் அடுத்த பேஸுக்கு ஓடலாம். கேட்சர் ஒரு பந்தை விட்டால் இன்னொரு பேஸ். யாரும் ஒரு அடிகூட அடிக்காமல் ஐந்து ரன் போன ஆட்டங்கள் என் புத்தகத்தில் இருக்கின்றன. கீழிருந்து வீசுவதால் தோளுக்கு ஒன்றும் ஆகாது என்பது பழைய நம்பிக்கை. ஒரே பிள்ளையை இரண்டு நாளில் ஐந்து ஆட்டம் வீசவிட்டால் அவள் தோள் போய்விடும். அதனால் குறைந்தது மூன்று பிட்சர், இரண்டு கேட்சர். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பிட்சர் என்று எழுதிக் கொடுத்திருந்த ஆறு பேரை மட்டும் மறுபடி கூப்பிட்டோம். அந்த ஒரு மணி நேரம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

24ஆம் எண்ணுக்குப் பதினொரு வயது. ஒல்லியான பெண். முந்தைய சீசன் வரை பத்து வயதுக்குட்பட்டோர் பிரிவில் வீசியவள். அங்கே பிட்சர் பலகையிலிருந்து ஹோம் பிளேட் வரை 35 அடி; பந்தின் சுற்றளவு 11 அங்குலம். 12 வயதுப் பிரிவில் 40 அடி, 12 அங்குலப் பந்து. ஒரே கோடையில் ஐந்தடி தள்ளிப் போகிறது, விரலுக்குள் அடங்கின பந்து அடங்காமல் போகிறது. சனிக்கிழமை அவள் வீசிய 20 பந்தில் பாதிக்கு மேல் பிளேட்டுக்கு முன்னாலேயே மண்ணில் குத்தியது. என் பட்டியலில் அவள் 26ஆவது.

கோச் டேப் எடுத்து 35 அடி அளந்தார். ரப்பர் பலகையை முன்னால் இழுத்துப் போட்டார். பையிலிருந்து 11 அங்குலப் பந்தை எடுத்துக் கொடுத்து, "இப்போ வீசு" என்றார். 20 பந்தில் 13 ஸ்ட்ரைக். பிறகு என்னைக் கூப்பிட்டு மண்ணைக் காட்டினார். வலது கையால் வீசும் பிட்சர் பந்தை விடும்போது வலது கால் பெருவிரல் தரையில் உரசிக்கொண்டு வரும். செம்மண்ணில் ஒரு கோடு விழும். 24ஆம் எண்ணுக்கு 20 பந்துக்கும் ஒரே கோடு. ஒன்றின் மேல் ஒன்றாக, யாரோ அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி. பக்கத்தில், அதிக வேகத்தில் வீசிய உயரமான பெண்ணின் கோடுகள் விசிறி மாதிரி விரிந்து கிடந்தன.

"வேகம் அவள் வளர வளர வரும். இந்தக் கோட்டை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆகும்" என்றார். இரண்டு பேரையும் எடுத்தோம்.

அன்று மாலையே என் தாளில் ஒரு கட்டம் கூட்டினேன்: வயது. இரண்டு வருஷங்களில் பிறந்த பிள்ளைகளை ஒரே பிரிவில் போடும்போது, பத்து மாதம் மூத்த பிள்ளைக்கு ஒரு கைப்பிடி உயரம் கூடுதலாக இருக்கிறது. அதைத் திறமை என்று எடுத்துக்கொள்கிறோம். கனடாவின் ஐஸ் ஹாக்கியில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1985இலேயே இதை எழுதிவிட்டார்: மேல்மட்ட ஆட்டக்காரர்களில் வருஷத்தின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். எங்கள் முதல் 12 பேரில் ஒன்பது பேர் இந்தப் பிரிவில் இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகள். அடுத்த ஆகஸ்டில் 14 வயதுப் பிரிவுக்குப் போய்விடுவார்கள். அவர்களை மட்டும் எடுத்திருந்தால் ஒரு வருஷத்தில் அணியே இருக்காது. முதல் வருஷத்துப் பிள்ளைகள் ஏழு, இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகள் ஐந்து என்று பிரித்துக்கொள்ள முடிவு செய்தோம்.

குடும்பங்களோடு ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசினோம். மாதக் கட்டணம் எவ்வளவு, எத்தனை வாரக் கடைசி வெளியூர், குளிர்காலப் பயிற்சி எங்கே என்று முன்கூட்டியே சொன்னோம். ஒரு அப்பா கல்லூரி ஸ்காலர்ஷிப் பற்றிக் கேட்டார். பிள்ளைக்கு வயது பதினொன்று. கோச் பொறுமையாகப் பதில் சொன்னார்: பதினொன்றாம் வகுப்பின் செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முன்னால் எந்தக் கல்லூரிக் கோச்சும் அவளோடு சேர்க்கை பற்றிப் பேசக்கூடாது என்று 2018 முதல் விதி இருக்கிறது, 2025 வரை ஒரு முதல்நிலைக் கல்லூரி அணிக்கு 12 முழு உதவித்தொகைதான் வரம்பு, அதையும் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் கொடுத்தார்கள். அந்த அப்பா கோபிக்கவில்லை, யோசித்தார். என் முறை வந்தபோது நானும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: என் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தமிழ்ப் பள்ளி. இறுதிச் சுற்று ஆட்டங்கள் அதே நேரம்தான். மாதம் இரண்டு வகுப்பு விடலாம், ஆண்டு விழா ஞாயிறு மட்டும் வரமாட்டாள். "எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் கோச். மறைத்திருந்தால் ஏப்ரலில் சண்டை வந்திருக்கும்.

அடுத்த வார ஞாயிறு இரவு கோச் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். பெரிய தாளில் மைதானத்தை வரைந்து, காலியான இடங்களை முதலில் எழுதி, அதற்குள் பெயர் போட்டோம். அவரவர் மகள் பெயர் வரும்போது அவரவர் எழுந்து வெளியே போக வேண்டும். நான் வாசலில் நின்றது பத்து நிமிஷம் இருக்கும். உள்ளே குரல் கேட்காதா என்று காது அங்கேயே இருந்தது. திரும்பி வந்தபோது இரண்டாவது பேஸில் அவள் பெயர் இருந்தது. மதிப்பெண்ணில் அவள் எட்டாவது. அதனால் யாருக்கும் கேள்வியில்லை.

கேள்வி கடைசி இடத்தில் வந்தது. அவுட்ஃபீல்டில் ஒரு இடம். 17ஆம் எண் மொத்தத்தில் ஒன்பதாவது. பதினொரு வயது, உயரே போன பந்து எதையும் விடாதவள், நீளக் கால். துணைக் கோச்சான அப்பாவின் மகள் 22ஆவது. அவர் வெளியே நின்றார். உள்ளே மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பயிற்சிக்கு இடம் பிடித்தவர் அவர். வலை, பந்து மெஷின் எல்லாம் அவர் பணத்தில் வந்தது. தன் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு அடுத்தவர் பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்க அவர் பயிற்சி கொடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் மகள் பெயரை எழுதினோம்.

அந்த முடிவை நான் இன்னும் தவறு என்று சொல்லமாட்டேன். சம்பளமில்லாமல் நடக்கும் அணியில் பயிற்சி கொடுப்பவரின் பிள்ளைக்கு இடம் உண்டு; அது இந்த உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. தவறு வேறு. 12 இடம் என்று விளம்பரம் செய்தோம். உண்மையில் மூன்று இடம் முதலிலேயே நிரம்பியிருந்தது. 28 குடும்பங்கள் ஒன்பது இடத்துக்காக வந்து வெயிலில் நின்றார்கள், அது அவர்களுக்குத் தெரியாது.

மறுநாள் ஃபோன் செய்யும் வேலையை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டோம். ஆகஸ்டில் எல்லா அணிகளும் ஆள் தேடும். தாமதித்தால் பிள்ளை வேறு அணியில் கையெழுத்துப் போட்டுவிடுவாள். ஒரு நாள் அவகாசம் கொடுத்தோம். நாங்கள் கூப்பிடும் முன்பே ஒரு ஷார்ட் ஸ்டாப் போய்விட்டாள். அந்த இடத்துக்கு அடுத்து யார் என்று இடம்வாரியாக எழுதி வைத்திருந்ததால் தடுமாறவில்லை. அவுட்ஃபீல்டு பட்டியலில் இருந்த 17ஆம் எண்ணுக்கு அதனால் பலனில்லை. எடுக்காத பிள்ளைகளின் வீட்டுக்கும் ஃபோன்தான், மின்னஞ்சல் கூடாது என்பதில் கோச் கண்டிப்பாக இருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் எதில் முன்னேறலாம் என்று ஒரு விஷயமாவது சொல்ல வேண்டும்.

17ஆம் எண் என் பங்கில் வந்தாள். அவள் அம்மா அமைதியாகக் கேட்டுவிட்டு, "எதில் குறைந்தாள் என்று சொன்னால் நாங்கள் பழக்குவோம்" என்றார். தாள் என் முன்னால் இருந்தது. அவள் எதிலும் குறையவில்லை. "போட்டி கடுமையாக இருந்தது" என்றேன். அந்த அம்மா நன்றி சொல்லி வைத்துவிட்டார். ஃபோனைக் கீழே வைத்த பிறகு வெகுநேரம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இரண்டாவது தவறு கேட்சர் விஷயம். இரண்டு பேர் வேண்டும் என்று சரியாகவே முடிவு செய்தோம். முதலாமவள் அசல் கேட்சர். மண்ணில் குத்தி வரும் பந்தைக் கையுறையால் அள்ளப் பார்க்கமாட்டாள். இரண்டு முழங்காலையும் தரையில் போட்டு, தாடையை நெஞ்சோடு ஒட்டி, உடம்பையே சுவராக்கிவிடுவாள். பந்து மோதி அவள் முன்னாலேயே விழும். இரண்டாமவள் கிடைக்கவில்லை. சரி, ஏழு ஷார்ட் ஸ்டாப்பில் ஒருத்தியைக் கேட்சராக்கலாம் என்று மேஜையிலேயே பேசி முடித்தோம். கை வலு இருந்தது, தைரியம் இருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்டோபரில் ஒரு ஆட்டத்தின் நடுவில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "எனக்கு இது பிடிக்கலை, பந்து வரும்போது கண்ணை மூடிக்கிறேன்" என்றாள். நவம்பரில் அணியை விட்டுப் போனாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. வசந்த காலச் சனிக்கிழமைகளில் முதல் கேட்சர் ஒரே நாளில் மூன்று ஆட்டம் உட்கார்ந்து எழுந்தாள். மே மாதத்தில் முழங்காலுக்கு ஐஸ் கட்டிக்கொண்டு அவள் காரில் ஏறியதைப் பார்த்தபோது, அதை அவளுக்குக் கொடுத்தது நாங்கள்தான் என்று தோன்றியது.

ஆட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செப்டம்பர் முதல் டோர்னமென்ட்டில் நான்கு ஆட்டமும் தோல்வி. இலவசமாக முதல் பேஸ் கொடுத்ததே 29 தடவை. உயரமான பெண் வேகமாக வீசினாள், பாதிப் பந்து எங்கோ போனது. 24ஆம் எண்ணுக்குத் தூரம் எட்டவில்லை. குளிர்காலம் முழுக்க ஒரு கிடங்குக்குள் 36 அடி, 37 அடி என்று மாதம் ஒரு அடியாகப் பலகையைப் பின்னால் நகர்த்தினார் கோச். பிப்ரவரிக் கடைசியில் அவள் 40 அடியில் நின்றாள். ஏப்ரலில் ஒரு டோர்னமென்ட்டின் ஐந்து ஆட்டங்களுக்கும் சேர்த்து நாங்கள் இலவசமாகக் கொடுத்தது 12. அந்த வாரக் கடைசியில் மூன்று ஜெயித்தோம். கோடு அப்போதும் ஒன்றுதான், நான் போய்ப் பார்த்தேன்.

அடுத்த ஆகஸ்டில் அறிவிப்பை நான் எழுதினேன். "ஐந்து இடம் காலி: ஒரு பிட்சர், ஒரு கேட்சர், மூன்று அவுட்ஃபீல்டர். ஏழு பேர் தொடர்கிறார்கள். அதில் இருவர் பயிற்சியாளர்களின் மகள்கள்." அந்த முறை 14 பேர்தான் வந்தார்கள். கேட்சர் இடத்துக்கு நான்கு பேர். நால்வரும் தங்கள் சொந்தக் கவசத்தோடு வந்திருந்தார்கள். பிட்சர்கள் வீசும் இடத்தில் முதல் வேலையாக 35 அடியில் ஒரு பலகை, 40 அடியில் ஒரு பலகை போட்டோம். விண்ணப்பத்தில் "எந்த இடத்தில் ஆட உனக்கு விருப்பமில்லை?" என்று ஒரு வரி சேர்த்தேன். அதை அம்மா அப்பா நிரப்பக்கூடாது, பிள்ளைதான் எழுத வேண்டும்.

17ஆம் எண்ணைத் தேடி அவள் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். முந்தைய வருஷம் நான் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன், இப்போது இடம் இருப்பதையும் சொன்னேன். அவள் வேறு அணியில் சந்தோஷமாக இருக்கிறாள் என்றார். அக்டோபரில் அந்த அணியோடு எங்களுக்கு ஆட்டம் வந்தது. மூன்றாவது இன்னிங்ஸில் என் மகள் அடித்த பந்து நடு மைதானத்தின் மேல் உயரமாகப் போனது. நன்றாக அடித்த பந்து. நீளக் கால்களோடு ஒரு பெண் பின்னால் ஓடினாள், திரும்பிப் பார்க்காமலேயே ஆறேழு அடி எடுத்து வைத்து, தோளுக்கு மேலாகப் பிடித்தாள். என் மகள் டக்அவுட்டுக்குத் திரும்பும் வழியில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "அம்மா, அது நம்ம ட்ரைஅவுட்டுக்கு வந்தவதானே?" என்றாள். ஆமாம் என்றேன். புத்தகத்தில் என் மகளுடைய கட்டத்தில் எஃப் 8 என்று எழுதினேன்: உயரே போன பந்து, பிடித்தது நடு அவுட்ஃபீல்டர்.